முத்துத்தாய் சொல்லாத பேர்

எம்.ரெட்டியபட்டி முத்துத்தாய்க்குக் கல்யாணமாகி நாற்பத்து நான்கு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவள் புருசன் பேரைச் சொன்னதில்லை. சண்டை போடும்போதுகூடச் சொன்னதில்லை. அவரைத் திட்டுவதற்கு வேறு பேர்கள் அவளிடம் வண்டி வண்டியாக இருந்தன.

தாலி ஏறிய அன்று சாயங்காலம் மாமியார் அவளை அடுப்படிக்குக் கூப்பிட்டு, "புருசன் பேர வாயில எடுத்தா அவனுக்கு ஆயுசு கொறையும். ஒரு தடவ சொன்னா ஒரு வருசம் போச்சுன்னு வச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் பந்தி பார்க்கப் போய்விட்டாள். தடவைக்கு ஒரு வருடம் என்று யார் விதித்தது என்று பத்தொன்பது வயது முத்துத்தாய் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு வருடம் ஆக்கியிருப்பாள் மாமியார். விளக்கு வைத்த பிறகு தலை வாராதே, வாசல்படியில் உட்காராதே என்று மாமியார் சொன்ன மற்றதையெல்லாம், அந்தம்மா கண்ணை மூடிய மறுவாரமே முத்துத்தாய் காற்றில் பறக்கவிட்டாள். இந்த ஒன்றை மட்டும் விடவில்லை.

சபலம் வராமல் இல்லை. காட்டிலிருந்து வந்து உட்கார்ந்து, ஒரு வாய் வைத்துவிட்டு, "இது கொழம்பா, கழனித்தண்ணியா?" என்று தட்டை நகர்த்தி வைப்பாரே, அந்த மாதிரி மத்தியானங்களில் ஒரு நாலைந்து தடவை மளமளவென்று சொல்லிவிட்டால் என்ன என்று நாக்கு நுனிவரை வந்திருக்கிறது. அப்புறம், பாவம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விழுங்கிவிடுவாள்.

அவர் பேர் பூமிநாதன். திருச்சுழிக் கோயில் சாமியின் பேர். அதனால் சாமி பேரையும் அவளால் சொல்ல முடியாமல் போனது. 'திருச்சுழிக்காரர்' என்பாள், ஏதோ சம்பந்தி வீட்டு ஆள் மாதிரி. பூமி என்ற சொல்லே அவள் வாயில் கிடையாது. மேலத்தெருவில் ஒருவர் வீடு கட்ட பூமி பூஜை போட்டபோது, "மண்ணு பூசைக்குப் போயிட்டு வாரேன்" என்றாள். ஒரு தேர்தலில், புருசன் பேர் என்ன என்று கேட்ட அதிகாரிக்குப் பதிலாகக் காலால் தரையை இரண்டு தட்டுத் தட்டினாள். அவர் வெளியூர்க்காரர். மேசைக்கு அடியில் பாம்பு என்று நினைத்து இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

அன்றைக்கும் பின்னால் நின்று காப்பாற்றியது பக்கத்து வீட்டு ஜக்கம்மாள்தான். ரேசன் கடை, பேங்கு, ஆஸ்பத்திரி, கோயில் அர்ச்சனைச் சீட்டு, எங்கே போனாலும் முத்துத்தாய் முழங்கையால் இடிப்பாள், ஜக்கம்மாள் பேரைச் சொல்வாள். "உன் புருசன் பேர நாப்பது வருசமா நாந்தான் மதினி சொல்லிக்கிட்டுத் திரியிறேன். நியாயமாப் பாத்தா அவுக எனக்குத்தான் சேல எடுத்துத் தரணும்" என்பாள் ஜக்கம்மாள்.

போன தீபாவளிக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்த மகள் ரேணுகாதேவி, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஆளுக்கொரு டச் ஃபோன் வாங்கி வந்தாள்.

"இன்னும் எத்தன நாளைக்கும்மா அந்தப் பட்டன் ஃபோனோட மல்லுக்கட்டுவீக? இதுல மூஞ்சியப் பாத்துப் பேசலாம்."

"உங்கப்பா மூஞ்சியத்தான் தெனமும் பாக்கேனே, அது பத்தாதா?" என்றாள் முத்துத்தாய்.

ஆனால் இரண்டே நாளில் ஃபோன் அவள் இடுப்பை விட்டு இறங்கவில்லை. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை என்று ரேணுகா காட்டிக் கொடுத்தாள்: மைக் படத்தை அமுக்கி வாயால் கேட்டால் போதும். உள்ளே ஒரு பெண் இருந்து பதில் சொன்னாள். அவள் பேசுகிற தமிழ் மேடையில் பேசுகிற தமிழ் மாதிரி இருந்தாலும், கேட்டதற்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்வது முத்துத்தாய்க்குப் பிடித்திருந்தது. அந்த வீட்டில் அதற்கு முன்னால் யாரும் அப்படிப் பதில் சொன்னதில்லை. முதல் நாளே, "சாப்ட்டியாத்தா?" என்று விசாரித்தாள். 'எனக்கு உணவு தேவைப்படாது' என்று பதில் வந்தது. "நம்ம வீட்ல கேக்கக் கூச்சப்படுறா" என்றாள் ஜக்கம்மாளிடம்.

பூமிநாதன் கதை வேறு. கரிசல் மண்ணில் ஐம்பது வருடம் மண்வெட்டி பிடித்த கை அவருக்கு. விரல் நுனியெல்லாம் காய்த்து வெடித்துப்போயிருக்கும். ரேசன் கடை மெஷினிலேயே அவர் ரேகை விழாது. டச் ஃபோனும் அவரை மதிக்கவில்லை. கட்டைவிரலால் குத்திப் பார்த்தார், தேய்த்துப் பார்த்தார், எச்சில் தொட்டு அமுக்கிப் பார்த்தார். கல்லைத் தொட்ட மாதிரி ஃபோன் சும்மா இருந்தது. கடைசியில் கண்ணாடி இல்லாமல் எதையோ பார்க்கக் கிட்டத்தில் குனிந்தபோது மூக்கு பட்டது. சட்டென்று திறந்துகொண்டது.

அன்றிலிருந்து மூக்குதான். பஸ் ஸ்டாப்பில் பார்த்த இரண்டு பேர், பெரியவர் ஃபோனுக்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று முத்துத்தாயிடம் வந்து கோள் சொன்னார்கள். "அதுக்காச்சும் கெடைக்கட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

மூக்கால் தட்ட வந்தது, இழுக்க வரவில்லை. யாராவது கூப்பிட்டால் பச்சைப் பொட்டை மேலே இழுத்துவிட வேண்டும். அவர் கொக்கு கொத்துகிற மாதிரி கொத்துவார், மணி அதுபாட்டுக்கு அடித்து ஓய்ந்துவிடும். வாட்ஸ்ஆப்பில் வருகிற பேச்சுகளைக் கேட்க மட்டும் நன்றாகப் பழகிக்கொண்டார். முக்கோணத்தில் மூக்கை வைத்தால் மகள் பேசுவாள். பதில் சொல்ல, மைக்கின் மேல் மூக்கை வைத்து அமுக்கிக்கொண்டே பேச வேண்டும். அப்படிப் பேசினால் குரல் எப்படி வரும்? குடும்ப குரூப்பில் இருந்த நாற்பது பேரும் நாலு மாதமாக அவருக்குத் தீராத சளி என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். தூதுவளை ரசம் வைக்கிற முறையை மூன்று பேர் அனுப்பியிருந்தார்கள்.

முத்துத்தாய்க்கென்று ரேணுகா ஃபோன் முகப்பில் மூன்று படங்களை வைத்துக் கொடுத்திருந்தாள். ரேணுகா படம், ஜக்கம்மாள் படம், தலையில் துண்டுக்கட்டோடு டிவிஎஸ் வண்டியில் உட்கார்ந்திருக்கும் பூமிநாதன் படம். யார் படத்தைத் தொட்டாலும் அவருக்கு ஃபோன் போகும். எழுத்தும் வேண்டாம், பேரும் வேண்டாம். இதற்காகவே மகளைக் கோயில் கட்டிக் கும்பிடலாம் என்று முத்துத்தாய் நினைத்தாள்.

மாசி மாதம் ஒருநாள், மஞ்சள் பட்ட ஃபோனை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். துடைத்த வேகத்தில் துண்டுக்கட்டு ஆள் மெல்ல நகர்ந்து போய், மேலே திடீரென்று முளைத்த குப்பைத்தொட்டிப் படத்துக்குள் விழுந்து மறைந்துபோனார். எவ்வளவு தேய்த்தும் திரும்பி வரவில்லை. உங்களைக் குப்பையில் போட்டுவிட்டேன் என்று கட்டின புருசனிடம் எப்படிச் சொல்வது? ரேணுகா அடுத்த தடவை வரும்போது எடுத்துத் தருவாள் என்று கமுக்கமாக இருந்துவிட்டாள்.

நாலாம் நாள் அந்தப் படத்துக்குத் தேவை வந்தது.

பூமிநாதனுக்குச் சக்கரை உண்டு. காலை ஆறு மணிக்கு மாத்திரையைப் போட்டுக் கடுங்காப்பி குடித்துவிட்டுக் காட்டுக்குப் போவார், ஒன்பது மணிக்கெல்லாம் வந்து சாப்பிட்டுவிட வேண்டும். போன வருடம் ஒருநாள் சாப்பிடாமல் இருந்து, பாளையம்பட்டியில் பஸ் ஏறும்போது கண் இருட்டி விழுந்து, முன்பல் ஒன்று போனது. டாக்டர் முத்துத்தாயைக் கூப்பிட்டு, வேளை தவறினால் அடுத்த தடவை பல்லோடு நிற்காது என்று சொல்லியிருந்தார்.

அன்றைக்கு ஒன்பது ஆனது, பத்து ஆனது, ஆள் வரவில்லை. பதினொன்றுக்குச் சட்டியில் கம்மஞ்சோறு காய்ந்துபோய்க் கிடந்தது. போய்ப் பார்க்கலாம் என்றால் எங்கே போவது? அவர்களுக்குப் புஞ்சை இரண்டு இடத்தில் இருந்தது. மேற்கே இரண்டு கிலோமீட்டரில் மேலக்காடு, கிழக்கே மூன்று கிலோமீட்டரில் கெணத்துக்காடு. அவர் கிளம்பும்போது, "காட்டுக்குப் போறேன்" என்று மட்டும்தான் சொன்னார். எந்தக் காடு என்று நாற்பத்து நான்கு வருடத்தில் அவரும் சொன்னதில்லை.

முதலில் ஜக்கம்மாள் படத்தைத் தொட்டாள். ஜக்கம்மாள் பந்தல்குடிக்கு ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தாள். அவள் ஃபோன் அவளோடு போகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம், பூட்டிய வீட்டுக்குள் மணி அடிப்பது இங்கே நன்றாகக் கேட்டது. ரேணுகாவைத் தொட்டாள். ரேணுகா வேலை பார்க்கிற இடத்தில் ஃபோனை வாசலில் ஒரு பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அடித்து ஓய்ந்தது.

இனி ஃபோனுக்குள் இருக்கிறவள்தான். மைக்கை அமுக்கினாள்.

"ஏத்தா, எங்க வீட்டுக்காரவுகளுக்குப் போடு."

'மன்னிக்கவும், அந்தப் பெயரில் யாரும் இல்லை.'

"அதான், ரேணுகா அப்பாவுக்குப் போடு."

'ரேணுகாவை அழைக்கிறேன்.'

"ஏ, அவ இல்ல! அவ அப்பா!"

கோயம்புத்தூர்ப் பெட்டிக்குள் மறுபடியும் மணி அடித்தது. முத்துத்தாய் நிறுத்தி மறுபடி கூப்பிட்டாள். துண்டு கட்டியிருப்பாக என்றாள், முன்பல் இருக்காது என்றாள், கோவக்காரவுக என்றாள். எல்லாவற்றுக்கும் அந்தப் பெண் அலுக்காமல் மன்னிப்புக் கேட்டாள். எதுவும் நடக்கவில்லை. ஆத்திரத்தில் முத்துத்தாய் காலால் தரையை இரண்டு தட்டுத் தட்டினாள். ஃபோன் தேர்தல் அதிகாரி அளவுக்குக்கூட அசையவில்லை.

இத்தனை வருடமும் அந்த மனுசன் நன்றாக இருக்க வேண்டும் என்றுதானே அந்தப் பேரைச் சொல்லாமல் இருந்தாள்? இன்றைக்குச் சொல்லாவிட்டால் எங்கே கிடக்கிறாரோ, கிடந்தபடியே போய்விடுவாரோ. சொன்னால் ஒரு வருடம் போகும். சொல்லாவிட்டால் மொத்தமும் போகும். முத்துத்தாய் எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்தினாள். அடுப்படிக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். முந்தானையால் தலையை மூடி, ஃபோனை அதற்குள் வைத்துக்கொண்டு காற்றுப் போகிற மாதிரி சொன்னாள்.

"பூமிநாதன்."

'சரியாகக் கேட்கவில்லை. மீண்டும் சொல்லுங்கள்.'

"சண்டாளி" என்றாள் முத்துத்தாய். பிறகு உரக்கவே சொன்னாள். "பூமிநாதன்!"

'பூமிநாதனை அழைக்கிறேன்.'

மணி அடித்தது. ஒரே அடியில் எடுத்துவிட்டார்கள்.

"சொல்லுங்க, பூமிநாதன் பேசுறேன்."

குரலில் சளி இல்லை. முத்துத்தாய் திடுக்கிட்டாள். "யாரு?"

"உரக்கடை பூமிநாதன் பேசுறேன். நம்பரப் பாத்தா முத்துத்தாய் அக்கா மாதிரி இருக்கே? பொட்டாசு வந்துருச்சுக்கா."

திருச்சுழிச் சீமையில் கல்லை விட்டெறிந்தால் ஒரு பூமிநாதன்மேல் விழும் என்பதையும், பழைய ஃபோனிலிருந்த நம்பரையெல்லாம் ரேணுகா இதில் ஏற்றியிருந்தாள் என்பதையும் அவள் மறந்துபோயிருந்தாள். நாற்பத்து நான்கு வருடம் பொத்திவைத்த பேரைக் கொண்டுபோய் எவனோ ஒரு பொட்டாஷ் வியாபாரிக்குச் சொல்லித் தொலைத்தாயிற்று. வெட்கமும் அழுகையும் சேர்ந்து வர, விசயத்தைச் சொன்னாள். உரக்கடைக்காரர் நல்ல மனுசன். "ஒங்க மக அப்பான்னு சேத்துப் பதிஞ்சுருக்கும்க்கா. அப்பிடிச் சேத்துச் சொல்லிப் பாருங்க" என்று யோசனை சொன்னார்.

"பூமிநாதன் அப்பா" என்றாள் முத்துத்தாய். மூன்று ஆயிற்று.

இந்த முறை சரியான ஆளுக்குத்தான் போனது. மணி அடித்தது, அடித்து ஓய்ந்தது. திரையில் வந்த அந்தப் பேரையே தொட்டு மறுபடி போட்டாள், மறுபடியும் ஓய்ந்தது. அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. அவர் ஃபோனை எடுக்கிறவர் இல்லை, கொத்துகிறவர். எடுக்கத் தெரியாது, கேட்கத்தான் தெரியும்.

பேச்சாக அனுப்ப வேண்டும். ஒருவருக்கு மட்டும் தனியாக அனுப்புகிற வழியை ரேணுகா இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தும் அவள் மண்டையில் ஏறவில்லை. தெரிந்த ஒரே வாசல் குடும்ப குரூப். அதைத் திறந்து, மைக்கை அமுக்கிப் பிடித்தாள்.

"ஏங்க... எங்க இருக்கீக? இன்னும் சாப்புட வரலியே. எங்க இருக்கீகன்னு சொல்லுங்க."

ஒரு நிமிடத்தில் பதில்கள் வந்து விழுந்தன. அருப்புக்கோட்டை ஜெயபாண்டி, "நான் கடையிலதான் இருக்கேன். நீங்க யாரு பேசுறது?" என்றார். மதுரையிலிருந்து ஒருவர், "வந்துக்கிட்டே இருக்கேன், சும்மா நொய் நொய்னு" என்று தன் பெண்டாட்டி என்று நினைத்து எரிந்து விழுந்தார். இன்னொருவர் ரோஜாப்பூப் படம் போட்டுக் காலை வணக்கம் சொன்னார். குரூப்பில் இருக்கிற அத்தனை பெண்டாட்டிகளுக்கும் 'ஏங்க' பொது என்று முத்துத்தாய்க்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

அவள் அடுப்படியை விட்டு வெளியே வந்தாள். தெருக்கதவைத் திறந்தாள். பயத்துக்கு மேல் கோபம் ஏறிவிட்டது, கோபம் வந்தால் அவளுக்கு மரியாதை முதலில் போகும். மைக்கை அமுக்கி, மூன்று கிலோமீட்டருக்கு ஃபோன் இல்லாமலே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"ஏலே பூமிநாதா! ஏய் பூமிநாதா! எங்கலே போய்த் தொலஞ்ச? மாத்திரயப் போட்டுட்டுச் சோறு திங்காம எங்கலே கெடக்க? உசுரோட இருந்தா வாயத் தொற!"

நாற்பது பேரில் ஒருவர்கூட ரோஜாப்பூ அனுப்பவில்லை. முத்துத்தாய் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஐந்து வருடம். அறுபத்தெட்டு வயது ஆளுக்கு ஐந்து வருடம் என்பது சின்ன விசயமா? திருச்சுழிக்காரரே, ஏதாவது பார்த்துச் செய்யும் என்று மனசுக்குள் கும்பிட்டாள். ஃபோன் 'டிங்' என்றது.

முதலில் வந்தது இரண்டு விநாடிக்கு வெறும் மூச்சு. மூக்கு வழுக்கியிருக்கும். அடுத்ததில் பேச்சு வந்தது. நாற்பது பேருக்கும் தெரிந்த அந்தச் சளிக் குரல்.

"கெணத்துக்காட்டுல... கெணத்துக்குள்ள கெடக்கேன் புள்ள. ஆட்டுக்குட்டி விழுந்துருச்சு. எடுக்க எறங்குனேன், படிக்கல்லு பேந்துருச்சு. காலு மடங்கிருச்சு. மயங்கிக் கெடந்தேன், ஃபோன் மணி கேட்டுத்தான் முழிச்சேன். இன்னும் கண்ணு இருட்டுது."

முத்துத்தாய் எழுந்து நிற்பதற்குள் தெருமுனையில் ஹாரன் சத்தம். ஷேர் ஆட்டோ ஓட்டும் கோட்டைச்சாமி, அவள் ஒன்றுவிட்ட அக்கா மகன், குரூப்பில் அத்தனையையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். ஏறியிருந்த நாலு பேரை இறக்கிவிட்டு வந்திருந்தான். "ஏறுங்க சித்தி. கயிறு எடுத்துக்கிட்டேன்." அவள் கொடியில் தொங்கிய வாழைப்பழத்தில் நாலைப் பிய்த்துக்கொண்டு ஏறினாள். வழியில் நூறு நாள் வேலைக்காரர்கள் இரண்டு பேரையும் அள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

அந்தக் கிணறு தண்ணீரைப் பார்த்து மூன்று வருடம் இருக்கும். இரண்டாள் ஆழத்தில் மண் தூர்ந்து கிடந்தது. முத்துத்தாய் விளிம்பில் படுத்து எட்டிப் பார்த்தாள். கீழே வெள்ளாட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் பூமிநாதன். முகமெல்லாம் வேர்த்து வெளுத்திருந்தது. ஃபோனை மூக்குக்கு நேராகப் பிடித்தபடி இருந்தார். ஆளைக் கண்ணால் கண்டதும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே பழங்களை ஒவ்வொன்றாகக் கீழே போட்டாள்.

அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். "பேரச் சொல்லிட்டீல்ல?"

"மொதல்ல பழத்தத் தின்னுங்க."

"லே போட்டு வேற சொன்ன."

"சொன்னேன். தின்னுங்கங்கேன்ல!"

"ரெண்டு தடவ."

"உள்ள எறங்கி வந்து ஊட்டி விடவா?"

தின்றார். நாலையும் தின்ற பிறகு முகத்தில் கொஞ்சம் களை வந்தது. குட்டி முதலில் மேலே வந்தது, அப்புறம் அவர் வந்தார். கோட்டைச்சாமி அவர் இடுப்புக் கயிற்றை அவிழ்க்கும்போது, ஃபோன் எங்கே என்று அவர் பதறித் தேடியதைப் பார்த்து எல்லோருக்கும் ஆச்சரியமாக இருந்தது.

அருப்புக்கோட்டையில் காலுக்குக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள், ஆறு வாரம் ஊன்றக்கூடாது என்றார்கள். அந்த வாரம் முழுக்கக் குரூப்பில் ஒரே கும்மாளம். சின்னவர்கள் அவள் பேச்சைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சிரித்தார்கள். முத்துத்தாய்க்குச் சிரிப்பு வரவில்லை. அவள் ஐந்து வருடத்தை எப்படி ஈடுகட்டுவது என்ற யோசனையிலேயே இருந்தாள். இரண்டாவது தடவை சொன்னது உரக்கடைக்காரருக்குப் போனதால் அந்த ஒரு வருடம் அவர் தலையில்தான் விழும் என்று தீர்ப்பு எழுதினாள். ஜக்கம்மாள் மூலம் அது உரக்கடைக்குப் போய்ச் சேர்ந்து, "எனக்கும் பொண்டாட்டி புள்ள இருக்குக்கா" என்று அவர் ஃபோன் போட்டுக் கெஞ்சினார். மீதி நாலு வருடம் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை குரூப்பில் ஒரு பேச்சு வந்தது. பேசியது சிவகாசித் தங்கலட்சுமி, அவளுக்கு நாத்தனார் முறை, எழுபது வயது. புருசன் போய் இருபது வருடம் ஆனவள். குரூப்பில் இதுவரை வாயைத் திறக்காதவள்.

"நானும் ஒரு நாளும் சொன்னதில்ல மதினி. அப்பிடியும் அவுக அம்பத்து மூணு வயசுலயே போயிட்டாக. நேத்து கதவச் சாத்திக்கிட்டு ஒரு தடவ சொல்லிப் பாத்தேன். நல்ல பேரு மதினி. அவுக இருக்கும்போதே ஒரு தடவ சொல்லிருக்கலாம்."

முத்துத்தாய் அதை மூன்று தடவை கேட்டாள். பிறகு ஃபோனை அரிசிப் பானைமேல் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். அழுது முடித்த பிறகு அந்த நாலு வருடத்தைப் பற்றி அவள் நினைக்கவில்லை.

சனிக்கிழமை ரேணுகா வந்தாள். துண்டுக்கட்டு ஆளைக் குப்பையிலிருந்து மீட்டு மறுபடி முகப்பில் உட்காரவைத்தாள். அப்பாவுக்கு விரல் கணுவால் பச்சைப் பொட்டை இழுக்கக் கற்றுக்கொடுத்தாள், அது அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. அப்பாவும் மகளும் கட்டிலில் உட்கார்ந்து வேறு எதையோ குசுகுசுவென்று பேசிச் சிரித்ததை முத்துத்தாய் கவனித்தாள். ரேணுகா ஊருக்குப் போனதும் திங்கட்கிழமை காலையில் அது என்னவென்று தெரிந்தது. முத்துத்தாய் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். வாசல் வேப்பமரத்தடியிலிருந்து அவள் குரலே அவளுக்குக் கேட்டது.

"ஏலே பூமிநாதா! ஏய் பூமிநாதா! எங்கலே போய்த் தொலஞ்ச?"

ஈரக் கையோடு ஓடிவந்தாள். கட்டிலில் பூமிநாதன் கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது. மணிச் சத்தத்துக்குப் பதிலாக அவள் கத்தல்.

"எடுங்க! தெருவே கேக்குது, எடுங்கங்கேன்!"

"இரு புள்ள. கூப்புடுறவ கூப்புட்டு முடிக்கட்டும்."

சுவருக்கு மேல் ஜக்கம்மாள் தலை தெரிந்தது. "இனி எனக்கு வேலையில்ல போல மதினி."

இரண்டு நாள் அவரிடம் முத்துத்தாய் பேசவில்லை. குழம்பில் உப்புப் போடவில்லை. பூமிநாதன் அந்தக் குழம்பைக் குறை சொல்லாமல் தின்றார், ஃபோன் மணியை மட்டும் மாற்றவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் சோறு இறக்கியாயிற்று. அவர் வேப்பமரத்தடியில் கோட்டைச்சாமியோடு பேசிக்கொண்டிருந்தார். வழக்கமாக நிலைப்படியில் நின்று, 'இந்தா, ஏங்க' என்று நாலு தடவை தொண்டையைச் செருமுவாள். அன்றைக்கு அடுப்படியில் நின்றபடி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, ஃபோனை எடுத்துத் துண்டுக்கட்டுப் படத்தைத் தொட்டாள்.

வாசலில், "ஏலே பூமிநாதா!" என்றது.

நான் எங்கே சொன்னேன், ஃபோன்தானே சொல்கிறது என்று அடுப்பைப் பார்த்துச் சொல்லிக்கொண்டாள் முத்துத்தாய்.

இப்போது அந்த வீட்டில் மூன்று வேளையும் அப்படித்தான். கூப்பிட்டவுடன் அவர் எழுந்திருப்பதில்லை. முழுசாக அடித்து ஓய்ந்த பிறகுதான் கம்பை ஊன்றி எழுந்து வருவார். அவளும் பாதியில் நிறுத்துவதில்லை.